வால்பாறை மழையில் காம்பாக்ட் கேமரா: சாளர உறையா, சுருட்டு வாய்ப் பையா?

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வால்பாறையில் நடப்பதற்கென்றே இரண்டு நீர்புகா உறைகளை வாங்கிப் பயன்படுத்திவருகிறேன். முதலாவது, லென்ஸுக்கு நேராக வட்டச் சாளரம் பொருத்திய, முழுவதும் ஒளி ஊடுருவும் உறை. கேமராவை உள்ளே பூட்டி வைத்தபடியே படம் எடுக்கலாம். இரண்டாவது, வாயைச் சுருட்டிக் கொக்கி மாட்டும் சிறிய டிரை பேக். படம் எடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் கேமராவை வெளியே எடுத்தாக வேண்டும். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் யாருக்கும் முதலாவதுதான் பிடிக்கும். மலை மழைக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவதை. அதற்கான காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன். இந்த ஊர் மழையில் நடக்க விரும்பும் பலர் கேமராவை அறையில் விட்டுவிட்டு வருவதைப் பார்க்கிறேன். அது தேவையே இல்லை.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். நான் படம் எடுக்கத் தேடிப் போவதெல்லாம் மழையில்தான் கண்ணில் படும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரிய காசித்தும்பை வகைகள் பல உண்டு. நீர் வழியும் பாறைகளிலும் ஓடைக் கரைகளிலும் அவை பூக்கும் காலம் இதுதான். கோடையில் கறுத்துச் சுருங்கிக் கிடந்த பாசி, நீரைக் குடித்து ஒரே நாளில் பச்சையாக விரிந்துவிடும். விழுந்து மட்கிய மரங்களில் காளான்கள் வரும். இருட்டத் தொடங்கியதும் நகக்கண் அளவேயுள்ள புதர்த்தவளைகள் தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து கத்தும். மழை விடட்டும் என்று காத்திருப்பவருக்கு இவற்றில் பாதி கிடைக்காது. சின்னக்கல்லார்ப் பக்கம் மழை விடுவதற்காகக் காத்திருப்பதில் பொருளும் இல்லை. தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் அது ஒன்று.

என்னிடம் இருப்பது ரிக்கோ ஜிஆர் 3. பேட்டரியும் கார்டும் சேர்த்து 257 கிராம். 28 மி.மீ. பார்வைக் கோணம், மேக்ரோவில், அதாவது மிக நெருங்கி எடுக்கும் முறையில், 6 செ.மீ. தொலைவு வரை நெருங்கலாம். ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இயக்க முடிகிற கேமரா இது. காலில் ஏறும் அட்டைகளைத் தட்டிவிடவும் ஒரு கை வேண்டுமல்லவா? ஆனால் மழைத்தடுப்பு என்று இதில் எதுவும் கிடையாது. உற்பத்தியாளரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையும் அப்படித்தான். சட்டைப் பையில் அடங்கும் நல்ல கேமராக்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இவற்றில் தண்ணீர் எங்கே புகும் என்று தெரிந்தால்தான் எந்த உறை உதவும் என்று தீர்மானிக்க முடியும். மேல்மூடியில் நாலு துளி விழுவதால் உடனே கெட்டுப்போவதில்லை, துடைத்தால் போயிற்று. ஆபத்தான இடம், உள்ளிருந்து நீண்டு வரும் லென்ஸ் குழல். ஆன் செய்ததும் குழல் வெளியே வருகிறது. அதன் பக்கவாட்டில் துளிகள் படிகின்றன. ஆஃப் செய்ததும் அதே குழல் அந்தத் துளிகளோடு உடலுக்குள் போய்விடுகிறது. நாமே கேமராவுக்குத் தண்ணீர் புகட்டுகிறோம். மழையைவிட இந்த ஒரு விசைதான் அதிகக் கேமராக்களைக் கெடுக்கிறது என்பது என் எண்ணம். எனவே என் முதல் விதி: குழலைச் சுற்றித் துடைக்காமல் ஆஃப் செய்யக் கூடாது. தானாக அணைந்துவிடும் வசதியையும் மழையில் நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் துடைப்பதற்கு முன்பே அது குழலை இழுத்துக்கொள்ளும்.

சாளர உறைக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் வாங்கினேன், ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். வாயில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஜிப் லாக் வரிகள், அதை மடித்து மூட வெல்க்ரோ, முன்னால் கெட்டிப் பிளாஸ்டிக்கில் சாளரம், கழுத்தில் மாட்டப் பட்டை. அட்டையில் ஐபிஎக்ஸ்8 என்று போட்டிருந்தது. இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. ஐபி குறியீட்டில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது நீருக்கு. எக்ஸ் என்றால் அந்த இலக்கம் குறிப்பிடப்படவில்லை என்று பொருள். நீருக்கான எண் 4 என்றால் எத்திசையிலிருந்து தெறித்தாலும் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமையான நிலை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதை உற்பத்தியாளரே சொல்ல வேண்டும். “வாட்டர்ப்ரூஃப்” என்ற சொல் மட்டும் அட்டையில் இருந்து எண் எதுவும் இல்லையென்றால் அந்தப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த உறையானாலும் கேமராவை வைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்வேன். உள்ளே காய்ந்த டிஷ்யூ தாளை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். திரும்பி வந்து தாளைத் தொட்டுப் பார்ப்பேன். இந்த உறையில் தாள் மொரமொரப்பாகவே இருந்தது. ஆக, தண்ணீரைத் தடுக்கும் வேலையை அது குறையில்லாமல் செய்கிறது. ஜிப் வரியில் ஒரு நூலோ புல் விதையோ மாட்டிக்கொண்டால் மட்டும் கசியும். மூடுவதற்கு முன் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

என் குறை படத்தைப் பற்றியது. சாளரம், நீளமான ஜூம் லென்ஸுக்கும் இடம் விட்டு அமைக்கப்பட்டிருக்கிறது. என் லென்ஸ் குட்டையானது. லென்ஸுக்கும் சாளரத்துக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. 28 மி.மீ. அகலக் கோணத்தில் சாளரத்தின் விளிம்பு படத்தின் நான்கு மூலைகளிலும் கறுப்பாக வந்து நிற்கிறது. மேக்ரோவிலோ நிலைமை இன்னும் மோசம். 6 செ.மீ. வரை நெருங்க முடிகிற லென்ஸுக்கு அந்த இடைவெளியே பாதித் தூரத்தைத் தின்றுவிடுகிறது. காசித்தும்பைப் பூவுக்கும் சாளரத்துக்கும் நடுவே மிஞ்சுவது கொஞ்ச இடம்தான், சற்று அசைந்தாலும் பூவின் மேல் சாளரம் முட்டிவிடும். ஃபிளாஷ் உள்ள கேமராவாக இருந்து அதைப் போட்டால் ஒளி உறைக்குள்ளேயே எதிரொளித்துப் படம் வெளுத்துப்போகும். பொத்தான்களைத் தடித்த பிளாஸ்டிக்குக்கு மேலிருந்து அழுத்தலாம், பழகிவிடும். தொடுதிரை பழகாது; ஈரமான உறையின் மேல் விரல் எங்கே இருக்கிறது என்று திரைக்குத் தெரியவில்லை.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது உட்பக்கம் படியும் ஆவி. வால்பாறையில் மழை பெய்யும்போது காற்றே நீரால் நிறைந்திருக்கும். அந்தக் காற்றை உறைக்குள் அடைத்து மூடுகிறோம். உள்ளே கேமரா வேலை செய்து சூடாகிறது. பிடித்திருக்கும் கையும் சூடு தருகிறது. வெளியே மழைத்துளிகள் சாளரத்தைக் குளிர வைக்கின்றன. உள்ளேயிருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த சாளரத்தில் போய்ப் படிகிறது. வெளியே படிந்தால் துணியால் துடைக்கலாம். உள்ளே படிந்ததைத் துடைக்க உறையைத் திறக்க வேண்டும். திறந்தால் மறுபடியும் ஈரக்காற்று உள்ளே வரும். அறையிலேயே, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு சேர்த்து மூடிக்கொண்டு கிளம்பினால் நெடுநேரம் தெளிவாக இருக்கிறது. வழியில் பேட்டரி மாற்றத் திறந்ததோடு அந்தத் தெளிவு முடிந்தது.

ஆனால் இந்த உறையைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. ஒகேனக்கலில் பரிசலில் போகிறவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது. அங்கே நீர் மேலிருந்து மட்டும் வருவதில்லை, பரிசலின் அடியிலும் தேங்கி நிற்கிறது, கேமரா கைதவறி ஆற்றிலேயே விழலாம். தனுஷ்கோடிக் கரையில் உப்புக்காற்று வீசும்போதும் இதைத்தான் எடுத்துப் போவேன். நல்ல தண்ணீர் காய்ந்துவிடும். உப்பு காய்ந்த பிறகும் உள்ளேயே இருந்து உலோகத்தை அரிக்கும். 50 மி.மீ.க்கு மேல் ஜூம் செய்து படம் எடுப்பவர்களுக்கு மூலைக் கறுப்பும் பெரும்பாலும் வராது. நீர் தாக்கும் இடத்துக்கு இந்த உறை. நீர் வெறுமனே பெய்துகொண்டிருக்கும் இடத்துக்கு அந்தப் பை என்று பிரித்துக்கொள்ளலாம்.

டிரை பேக் என்பது 2 லிட்டர் கொள்ளளவுள்ள, பூச்சு பூசிய நைலான் பை. விலை சாளர உறையில் பாதிகூட இல்லை. ஜிப் இல்லை, பல் இல்லை. வாயின் இரு விளிம்புகளையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுருட்டி, இரு முனைகளையும் வளைத்துக் கொக்கியில் மாட்டினால் முடிந்தது. நீர் உள்ளே போக வேண்டுமானால் அந்த மூன்று சுருளையும் சுற்றிச் சுற்றிக் கடந்தாக வேண்டும். மண் பட்டாலும் மூடும், புல் விதை சிக்கினாலும் மூடும். அய்யர்பாடிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் தேயிலை பறிக்கும் அக்கா ஒருவர், தலையில் மழைக்குப் போடும் கொங்காணியைப் போட்டுக்கொண்டு கொட்டும் மழையில் நாள் முழுக்க நிற்பவர், தன் கைப்பேசியை ஆவின் பால் கவருக்குள் வைத்து வாயைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். பால் கவருக்குள் ஒரு துளி ஈரமில்லை. டிரை பேக்கின் தத்துவமும் அதுவேதான். (அந்த அக்காவின் கைப்பேசி நனையவில்லை, அவர் முழுக்க நனைந்திருந்தார். மழையில் பறிப்பவர்களுக்கு ஒழுங்கான மழைக்கோட்டு கொடுப்பது ஒரு நிர்வாகத்துக்குப் பெரிய செலவா என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டே நடந்தேன்.)

பையை முதுகில் மாட்டக் கூடாது. எடுக்கச் சோம்பல் வந்துவிடும். நெஞ்சுக்கு நேரே, குடையின் நிழலுக்குள் இருக்கும்படி குறுக்குப் பட்டையில் தொங்கவிடுங்கள். குடை என்றால் மடக்கிப் பைக்குள் வைக்கும் சிறு குடை அல்ல. வளைந்த கைப்பிடியுள்ள பெரிய கறுப்புக் குடை. அதன் காம்பைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே சாய்த்துப் பிடித்தால் இரண்டு கைகளும் விடுபடும். மழை சற்று ஓயும்போது ஊர்ப் பெரியவர்கள்போல் சட்டைக் காலருக்குப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கலாம். இந்தப் பருவத்தில் சாரல் பெரும்பாலும் மேற்கிலிருந்து சாய்ந்து வரும். முதுகை அந்தப் பக்கம் திருப்பி நின்றால் உங்கள் உடம்பே ஒரு சுவர்.

எடுக்கும் முறை இது. காற்றுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு முதலில் கைகளைத் துடைக்கிறேன். பிறகுதான் பையின் வாய். கேமராவை லென்ஸ் கீழ்நோக்கி இருக்கும்படி எடுத்து, படமெடுக்கும் கோணத்துக்கு வந்த பிறகே ஆன் செய்கிறேன். எடுத்து முடித்ததும் குழலைச் சுற்றித் துடைத்து, ஆஃப் செய்து, உடலைத் துடைத்து, உள்ளே வைத்து, மூன்று சுருள். படிக்கும்போது நீளமாகத் தெரியும். பழகிய கைக்கு இது ஒரு நிமிட வேலைகூட இல்லை. நடந்துகொண்டே கேமராவைக் கையில் வைத்திருக்கும் பழக்கத்தை மட்டும் மழையில் விட்டுவிட வேண்டும். தவளை தாவிப் போய்விடாதா என்று கேட்பீர்கள். போகும். பாசியும் காளானும் பூவும் போகாது. புதுத்தோட்டத்தில் சாலையைக் கடப்பதற்குக் கட்டிய கயிற்றுப் பாலத்தில் சிங்கவால் குரங்குக் கூட்டம் வரிசையாகப் போகும்போதும் பையைத் திறந்து எடுக்க எனக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

துணி இரண்டு வேண்டும், இரண்டும் வேறுவேறு இடத்தில் இருக்க வேண்டும். உடலையும் குழலையும் துடைக்கப் பழைய வேட்டித் துண்டு. பலமுறை துவைத்து மெலிந்த பருத்தி உறிஞ்சுவது போல எந்தக் கடைத் துணியும் உறிஞ்சுவதில்லை. இது சட்டைப் பையில். லென்ஸுக்கு மைக்ரோஃபைபர் துணி, அது காய்ந்தபடியே ஒரு சிறு ஜிப் கவரில். லென்ஸில் விழுந்த துளியைத் தேய்க்கக் கூடாது. துணியின் முனையால் ஒற்றி எடுக்க வேண்டும். மழைத்துளியோடு மணல் துகளும் இருந்தால் தேய்ப்பது கண்ணாடியைக் கீறும். ஈரமான வேட்டித் துண்டைக் கேமராவோடு ஒரே பையில் போட்டு மூடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே ஒரு துளி நுழையவிடாத பைக்குள் ஒரு கைப்பிடித் தண்ணீரை நாமே வைத்து மூடுவதற்குச் சமம் அது.

சிலிக்கா ஜெல்லைப் பற்றி ஒரு வார்த்தை. செருப்புப் பெட்டியில் வரும் பொட்டலத்தை எடுத்து வைத்தால் பயனில்லை. அது நம் கைக்கு வரும்போதே குடித்து நிறைந்திருக்கும். நிறம் மாறும் உருண்டைகளாகத் தனியாக விற்கிறார்கள். நீலம் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு. ஆரஞ்சு நிறத்தில் வருவதை வாங்குங்கள், ஈரம் குடித்தால் பச்சையாகவோ நிறமற்றோ ஆகும். மல் துணியில் சிறு முடிச்சாகக் கட்டிப் பையின் அடியில் போட்டுவிடுகிறேன். நிறம் மாறியதும் அவிழ்த்து, சமையலுக்குப் பயன்படுத்தாத ஓர் இரும்புச் சட்டியில் சிறு தீயில் புரட்டினால் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். தீ கூடினால் உருண்டைகள் கருகிப் பயனற்றுப்போகும்.

பகலில் எவ்வளவு காத்தாலும் இரவில் கோட்டை விடுவதுதான் மலைப் பயணங்களில் அதிகம் நடக்கிறது. மழைக்காலத்து வால்பாறை அறைகளில் தலையணைகூட ஈரமாக இருக்கும். காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி நிலைத்தால் லென்ஸில் பூஞ்சை வேர்விடத் தொடங்கும். பூஞ்சையைப் பாடமாக நடத்துகிறவள் நான். கண்ணாடியின் பூச்சை அது அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது என்று உறுதியாகச் சொல்வேன். எனவே அறைக்கு வந்ததும் பேட்டரியையும் கார்டையும் கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்தபடி, ரப்பர் வளையம் பதித்த மூடியுள்ள டப்பாவில் நிறைய சிலிக்கா ஜெல்லோடு வைத்துவிடுகிறேன். உள்ளே ஒரு சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி. 40க்கும் 50க்கும் நடுவே நின்றால் நிம்மதி. அரிசிக்குள் புதைப்பது, ஹேர் டிரையரைக் காட்டுவது இரண்டும் வேண்டாம். அரிசி மாவுத் தூசியைக் குழலுக்குள் அனுப்பும். சூடான காற்று நீரை இன்னும் உள்ளே தள்ளும்.

கீழிருந்து காரில் வருபவர்களுக்கு இன்னொன்று. ஏ.சி. போட்டபடி ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்து, கதவைத் திறந்ததும் கேமராவை வெளியே நீட்டினால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். குளிர்ந்த கண்ணாடி ஈரக்காற்றைத் தொட்டால் அப்படித்தான். வளைவுகள் தொடங்கும்போதே ஏ.சி.யை நிறுத்திவிடுங்கள். கேமரா மூடிய பைக்குள்ளேயே வெளி வெப்பத்துக்கு வரட்டும்.

உறையே வேண்டாம், நனைந்தாலும் கெடாத கேமராவே வாங்கிவிடலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மழைக்காக மட்டும் புதிதாக வாங்குபவர்களுக்கு அது நியாயமான யோசனை. ஒலிம்பஸ் டஃப் டிஜி-6, அதற்குப் பின் 2023இல் ஓஎம் சிஸ்டம் பெயரில் வந்த டிஜி-7 ஆகியவற்றை 15 மீட்டர் ஆழம் வரை கொண்டுபோகலாம். லென்ஸ் உடலுக்குள்ளேயே இயங்குவதால் நான் மேலே சொன்ன குழல் தொல்லை அறவே இல்லை. 1 செ.மீ. வரை நெருங்கிப் பாசியின் வித்துறைகளை (வித்துகள் அடங்கிய நுண்பைகளை) எடுக்கும் வசதிக்காக என் துறையில் பலர் அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் சென்சார் மிகச் சிறியது. சோலைக்குள், மழை மேகத்தின் கீழே, உச்சிப்பொழுதிலும் அந்தி வெளிச்சம்தான் இருக்கும். அங்கே படம் புள்ளி புள்ளியாகச் சிதறும். ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 விஐ மழையைத் தாங்கும் என்பார்கள். முன்னால் தனி வளையமும் பாதுகாப்பு ஃபில்டரும் வாங்கி மாட்டினால்தான் அந்தத் தகுதி முழுமை பெறும். மாட்டிய பிறகும் அது மழைக்கே தவிர மூழ்குவதற்கு அல்ல. விலையையும் எடையையும் பார்த்தால் அது வேறு ஆட்டம்.

ஒன்றும் வாங்க முடியாதவர்கள் தடித்த ஜிப் கவரில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, குழலின் நகராத அடிப்பகுதியில் ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்ளலாம். நீளும் பகுதியில் கட்டினால் மோட்டார் இழுபட்டுக் கெடும். தூறலுக்கு இது போதும், வால்பாறை மழைக்குப் போதாது.

டிரை பேக் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பையை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள். ஓரங்கள் தையலாக இருக்கக் கூடாது. ஒட்டி உருக்கிச் சேர்த்தவையாக இருக்க வேண்டும், அல்லது தையலின் மேல் நாடா ஒட்டியிருக்க வேண்டும். வாயின் விளிம்பில் விறைப்பான பட்டை இருந்தால்தான் சுருள் நேராக அமையும். காற்றடைத்து மூடி அமுக்கிப் பார்த்தால் எங்கே கசிகிறது என்று கையே சொல்லும். 5 லிட்டர் பை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். காம்பாக்ட் கேமரா அதற்குள் உருண்டுகொண்டிருக்கும், எடுக்கத் துழாவ வேண்டியிருக்கும். 2 லிட்டரில் கேமரா, மாற்றுப் பேட்டரி, லென்ஸ் துணி, சிலிக்கா முடிச்சு எல்லாம் அடங்கி, மூன்று சுருளுக்கு வாயும் மிஞ்சும். நிறம் மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்கள். கறுப்புப் பை தேயிலைத் தூருக்குள் விழுந்தால் மழை இருட்டில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.